மஞ்சக் கோட்டு ரெக்கார்டும் லொரெய்ன் அம்மாவும்

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. எங்க கடையில எந்நேரமும் ஒரு பாட்டு ஓடிக்கிட்டே இருக்கும், தள்ளி உட்கார்ந்தா நான் சொல்றது கேட்காது. பழைய ரெக்கார்டு விக்கிற தொழில்ல ஒரு விசித்திரம் உண்டு. ஒரு காலத்துல நாடே அடிச்சுப் பிடிச்சு வாங்கினதை இன்னைக்கு யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாங்க. அன்னைக்கு விலை போகாம மூலையில கிடந்ததுக்குத்தான் இப்ப கிராக்கி.

நான் அஞ்சாங் கிளாஸ் படிச்சவன். கோபிச்செட்டிபாளையத்துல கல்யாணம், காதுகுத்துன்னு மைக் செட் கட்டிப் பிழைச்சேன். இப்ப நியூஜெர்சியில, பிஸ்கட்டவேயில, மக கவிதா வீட்டுல இருக்கேன். கார் ஓட்டத் தெரியாம, காலையில முன்பக்க ஜன்னல், சாயங்காலம் பின்பக்க ஜன்னல்னு மாத்தி மாத்தி உட்கார்ந்திருக்கிற என் வயசுக்காரங்களுக்கு அந்தக் கஷ்டத்தை நான் விளக்கவேண்டியதில்ல. கிரீன் கார்டு வந்தும் எனக்கு ஜன்னல்தான் கதி. அப்பத்தான் இந்த வேலை வந்து மாட்டினது. கடைக்காரம்மா பேசறது பூரா இங்கிலீஷ்தான். ஆனா எனக்கு எப்படி விளங்குச்சோ அப்படியே தமிழ்ல சொல்றேன்.

இழுத்துக்கிட்டு வந்த பாட்டு

கவிதா என்னைப் பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிட்டு, மருந்து வாங்க பார்மசிக்குள்ள போனா. நான் வெளியில கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். பக்கத்துக் கடையில ஒரு பாட்டு. பாட்டு நல்ல பாட்டு, ஆனா மூட்டை தூக்கினவன் நடக்கிற மாதிரி இழுத்து இழுத்து வருது. மனசு கேட்கல, உள்ள போயிட்டேன். எழுபது வயசுல ஒரு கறுப்பினத்து அம்மா, வெள்ளி மாதிரி முடி, ரெண்டு காதுலயும் மிஷின். அவங்கதான் லொரெய்ன். “ஸ்பீடு ஸ்லோ. பெல்ட் லூஸ்”னு சொன்னேன். மேல கீழ பார்த்துட்டு, பிளேயரைத் திறந்தாங்க. உள்ளே இருந்த ரப்பர் பெல்ட் தொளதொளன்னு கிடந்தது.

அதை மாத்தின கையோட ஒரு ரெக்கார்டைப் போட்டாங்க. அப்புறம் அதே பாட்டு இருக்கிற இன்னொரு ரெக்கார்டு. மூணாவதா என்னைத் திரும்பி நிக்கச் சொல்லிட்டு ஒண்ணு போட்டாங்க. “இது முதல்ல போட்டது. ரெண்டாவதுல தூசிச் சத்தம் ஜாஸ்தி”ன்னேன். அதுக்குள்ள கவிதா என்னைக் காணோம்னு தேடிக்கிட்டு வந்துட்டா. என் பல்லு, என் பாஷை, என் வயசு எல்லாத்தையும் சொல்லி மன்னிப்புக் கேட்டா. லொரெய்ன் அம்மா சொன்னது: “அவர் பல் எப்படியோ போகட்டும், எனக்குக் காதுதான் வேணும். திங்கட்கிழமை பத்து மணிக்கு அனுப்பி வைங்க.”

குவார்ட்டர் வைத்தியம்

மைக் செட் கட்டினவங்களுக்கு இது தெரியும். ரெக்கார்டு கீறல் விழுந்து ஒரே இடத்துல குதிச்சா, ஊசித் தலை மேல ஒரு காசை வெச்சிடுவோம். பாரத்துக்குக் குதிக்காம ஓடிடும். கல்யாண வீட்டுல மாப்பிள்ளை ஊர்வலம் வந்து நிக்கிறப்ப யாரு கீறலைப் பார்த்துக்கிட்டு இருப்பா?

வேலைக்குச் சேர்ந்த ரெண்டாவது நாள், கஸ்டமர் முன்னாலயே ஒரு ரெக்கார்டு குதிச்சது. நான் பாக்கெட்ல இருந்து, குவார்ட்டர்னு இங்க சொல்ற கால் டாலர் காசை எடுத்துப் பெருமையா ஊசி மேல வெச்சேன். கஸ்டமர் நெஞ்சுல கை வெச்சுட்டார். லொரெய்ன் அம்மா சத்தம் போடல. காசை எடுத்து என் சட்டைப் பையில போட்டுட்டு, “மிஸ்டர் ராசு, அது அடிபட்ட ரெக்கார்டு, நொண்டத்தான் செய்யும். நொண்டறவன் தோள்ல ஏறி உட்காராதீங்க”ன்னாங்க.

எல்லார் வீட்டுலயும் ஒண்ணு

ஒருநாள் ஒருத்தர் பச்சைக் குழந்தையைத் தூக்கிட்டு வர்ற மாதிரி துணியில சுத்தி ஒரு ரெக்கார்டு கொண்டு வந்தார். பிரிச்சா, மஞ்சக் கோட்டு. அட்டையில ஒரு ஆள் மஞ்சள் நிறத்துல கோட்டுப் போட்டுக்கிட்டுப் படியில உட்கார்ந்திருப்பான். அதனால நான் வெச்ச பேரு அது. ஃபங்க், சோல்னு இவங்க சொல்ற வகைப் பாட்டு. பேஸ் கிட்டார் முன்னால நெஞ்சை நிமிர்த்தி நடக்கும், டிரம்ஸ் அதும் பின்னாலயே ஒட்டிக்கிட்டு வரும், நடுநடுவுல டிரம்பெட்காரங்க நாலு பேர் சேர்ந்து கதவைத் தட்டுவாங்க. காலு தன்னால ஆடும். வெளிவந்த வருஷம் அமெரிக்கா ஹிட் பாட்டுப் பட்டியல்லயே வாராவாரம் அதுதான் முதல் இடமாம். அதனால என்ன ஆச்சுன்னா, எல்லார் வீட்டுலயும் ஒண்ணு இருக்கு. எங்க கடையில ஒரு சுவர் பூரா அதேதான்.

வந்தவர் அதை வித்துக் கூரையை மாத்தலாம்னு நினைச்சிருக்கார். லொரெய்ன் அம்மா அஞ்சு டாலர்னாங்க. அதுவே அதிகம். வேற கடையில வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க. அவர் மூஞ்சி தொங்கிப்போச்சு, ஆனா வாங்கிக்கிட்டார். அந்த அம்மா உடனே ரெக்கார்டைப் போட்டு, முதல் பக்கத்து மூணாவது பாட்டுல ஊசியை வெச்சுட்டு என் மூஞ்சியைப் பார்த்தாங்க. ஒவ்வொரு மஞ்சக் கோட்டு வர்றப்பவும் இதே சடங்குதான். “டிரம்பெட்தான்மா”ன்னேன். வழக்கம்போலத் தலையை ஆட்டிட்டு சுவத்துல சொருகினாங்க. இதையெல்லாம் பார்த்துக்கிட்டு நின்ன அந்த மனுஷன் சொன்னார்: “சுவத்துல வைக்கறதுக்குத்தான்னா, என் வீட்டுலயும் சுவரு இருக்கே.”

டிரம்பெட் இருக்கிற இடம்

எதுக்கும்மா இதுன்னு ஒருநாள் மத்தியானம் கேட்டுட்டேன். என் டப்பாவுல இருந்த எலுமிச்சம்பழச் சோத்தை ஒரு வாய் வாங்கித் தின்னுட்டுத்தான் வாயைத் திறந்தாங்க. பத்தொன்பது வயசுல அந்த ரெக்கார்டுக்குப் பாடப் போயிருக்காங்க. மூணாவது பாட்டுல எல்லா வாத்தியமும் சட்டுனு நிக்கும். அந்த இடத்துல ஒரு பொண்ணு குரல் தனியா எழும்பணும். இவங்களும் இன்னொரு பொண்ணும் மாத்தி மாத்திப் பாடினாங்களாம். முதல்ல ரேடியோ ஸ்டேஷன்களுக்கு மட்டும் வெள்ளை லேபிள் ஒட்டிக் கொஞ்சம் ரெக்கார்டு அனுப்பினாங்க. கடைக்கு வர்றதுக்குள்ள ரெக்கார்டு கம்பெனி முதலாளிக்கு மனசு மாறிடுச்சு, குரலை எடுத்துட்டு டிரம்பெட்டைப் போட்டுட்டார்.

அது இவங்களுக்குத் தெரியாது. பாட்டு முதல் இடத்துக்கு வந்ததும், இவங்க அம்மா சர்ச்சு ஆளுங்க அத்தனை பேரையும் வீட்டுக்குக் கூப்பிட்டு, கேக் வெட்டி, ரெக்கார்டைப் போட்டிருக்காங்க. எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்கிறப்ப டிரம்பெட் வந்துச்சாம். யாரும் சிரிக்கலயாம். சிரிச்சிருந்தாத் தேவலைன்னாங்க.

அன்னையிலேர்ந்து வெள்ளை லேபிளைத் தேடறாங்க. கடைக்கு வந்த ரெக்கார்டுலயும் ஒண்ணு ரெண்டுல பழைய குரல் தப்பி வந்திருக்கலாம்னுதான் ஒவ்வொரு மஞ்சக் கோட்டையும் வாங்கிப் போட்டுப் பார்க்கிறாங்க. கம்ப்யூட்டர்லயும் தேடியாச்சு. ஒருத்தர் அனுப்பின வெள்ளை லேபிளுக்குள்ளயும் டிரம்பெட்தான். பாட்டு முடிஞ்சு லேபிளுக்கு முன்னால இருக்கிற வழுவழுப்பான இடத்துல ஊசியால கீறின நம்பர் இருக்கும், அது ஒண்ணுல முடிஞ்சாத்தான் பழைய குரல்னு எனக்குக் காட்டிக் குடுத்தாங்க. கிடைச்சாலும் உள்ளே இருக்கிறது இவங்க குரலா, அந்தப் பொண்ணு குரலான்னு தெரியாது. சொல்றதுக்கு அந்தக் காலத்து ஆளு யாரும் இல்ல, இவங்க காதும் போயிட்டிருக்கு. சர்ச்சுலகூட சுருதி நிக்குதான்னு தெரியாம வாயை மட்டும்தான் அசைக்கிறாங்களாம். டப்பாவை மூடி என்கிட்டக் குடுத்துட்டு மெதுவாச் சொன்னாங்க: “நான் பாடினேனா, பாடினதா நினைச்சுக்கிட்டேனான்னு எனக்கே இப்ப நிச்சயம் இல்ல, மிஸ்டர் ராசு.”

சுத்தற கோபிகைங்க

நவராத்திரி வந்தது. கவிதாவோட ஃபிரெண்டு மாலதி வீட்டுக் கொலுவுக்குக் குடும்பத்தோட போனோம். மாலதிக்கு மெட்ராஸ், அவ புருஷன் ஸ்ரீதர் இன்ஜினியர். ஏழு படி. பக்கத்துல தனியா ஒரு மேஜையில ராசலீலை. நடுவுல கிருஷ்ணர் குழல் ஊத, சுத்தி எட்டு கோபிகைங்க உண்மையாவே சுத்தறாங்க. ஸ்ரீதர் ஆசையாச் சொன்னார்: “இந்த வீட்டு பேஸ்மென்ட்ல ஒரு பழைய டர்ன்டேபிள் கிடந்தது அங்கிள். முன்னாடி இருந்தவர் ரேடியோ ஸ்டேஷன்ல வொர்க் பண்ணாராம். ஸ்மூத்தா சுத்துது பாருங்க, ஒரு ஷேக் கிடையாது.”

கோபிகைங்க நின்னது ஒரு ரெக்கார்டு மேல. யமுனை மாதிரி கறுப்பா இருக்கட்டும்னு அதுலயே க்ளூ கன்னால சுடச்சுட ஒட்டியிருக்கார். கிருஷ்ணர் பீடத்துக்கு அடியில லேபிள் ஓரம் தெரிஞ்சது. வெள்ளை. நான் சுண்டலை வெச்சுட்டு எழுந்துட்டேன். சுத்திக்கிட்டே இருக்கிறப்ப அந்தக் கீறல் நம்பரைப் படிக்க முடியுமா? அதுகூடவே நானும் தலையைச் சுத்தினேன், குனிஞ்சேன், முட்டி போட்டேன். மஞ்சக் கோட்டு நம்பர்தான். கடைசியில ஒண்ணு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. பின்னாலேர்ந்து மாலதி கவிதாகிட்ட சொல்றது கேட்டது: “எங்க கொலுவை யாரும் இவ்வளவு பக்தியாப் பார்த்ததில்லடி.”

மாமியார் எண்ணிக்கை

விஷயத்தைச் சொல்லி, ரெக்கார்டைக் குடும்மான்னு கேட்டேன். மாலதி நல்ல பொண்ணு, நான் சொன்னதை முழுசாக் கேட்டா. ஆனா கொலு வெச்சா விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வைக்கிற வரைக்கும் எதையும் அசைக்கக் கூடாதே. அது எனக்கும் தெரியும். இன்னும் அஞ்சு நாள் இருக்கு. அதுவரைக்கும் அந்த எட்டுப் பேரும் அது மேலதான் ஆடணும்.

யாருக்கும் தெரியாம ராசலீலையை மட்டும் எடுத்துடலாமேன்னு ஸ்ரீதர் இழுத்தார். மாலதி போனைத் தூக்கிக் காட்டினா: “உங்க அம்மா டெய்லி வீடியோ கால்ல ஒவ்வொரு பொம்மையா எண்றாங்க. நேத்து செட்டியார் கடைத் தராசு திரும்பியிருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. நீங்களே பதில் சொல்லிக்கறதா இருந்தா எடுங்கோ.”

ஒரு பாட்டு பாடுங்களேன்

லொரெய்ன் அம்மாகிட்ட சொன்னதும் கடையைச் சாத்திட்டுக் கிளம்பப் பார்த்தாங்க. நான்தான் நிறுத்தி வெச்சேன்; மாலதி முறையாக் கூப்பிட்டப்புறம், ஞாயித்துக்கிழமை நானும் கவிதாவும் அழைச்சிட்டுப் போனோம். சர்ச்சுக்குப் போடற ஊதாத் தொப்பியோட வந்தாங்க. மாலதி நெத்தியில குங்குமம் வெச்சா, தொப்பியைத் தூக்கி வாங்கிக்கிட்டாங்க. அப்புறம் அந்த மேஜைகிட்ட போய் நின்னாங்க.

கொலு வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியும். வந்தவங்களைப் பாடச் சொல்லாம வெத்தலை பாக்கு குடுக்கமாட்டாங்க. தப்பிச்சவங்க கிடையாது. கவிதாவே ரெண்டு வரி பாடித்தான் தப்பிச்சா. மாலதி இவங்க பக்கமும் திரும்பி, “ஆன்ட்டி, நீங்களும் ஒரு பாட்டு பாடுங்களேன்”னுட்டா. காது கேட்காது, சுருதி நிக்காதுன்னு எப்படிச் சொல்றது? லொரெய்ன் அம்மா சுத்திப் பார்த்தாங்க. தம்புரா சத்தம் வர்றதுக்கு மாலதி ஒரு சின்ன ஸ்பீக்கர் வெச்சிருந்தா. அதை எடுத்து மடியில வெச்சு, ரெண்டு உள்ளங்கையையும் அது மேல வெச்சுக்கிட்டாங்க. அது அதிர்றதைக் கையாலயே கேட்டாங்க.

கண்ணை மூடி எழுப்பினாங்க பாருங்க. வார்த்தை ஒண்ணும் இல்ல, ரெண்டு மூச்சு நீளம்தான். கீழேர்ந்து மேல போய், மேலேயே நின்னு, முடியற இடத்துல ஒரு சின்ன விக்கல் மாதிரி ஒடிஞ்சது. சுருதி மயிரிழை பிசகல. சுண்டல் கிண்ணத்துல ஸ்பூன் சத்தம்கூட நின்னுபோச்சு. மாலதி கொஞ்சம் பொறுத்து, “ஆன்ட்டி, இன்னும் ரெண்டு வரி…”ன்னா. “ரெக்கார்டுலயும் அவ்வளவுதான்மா எனக்குக் குடுத்த வேலை”ன்னாங்க லொரெய்ன் அம்மா.

ஹேர் டிரையர்

விஜயதசமிக்கு மறுநாள் நானும் லொரெய்ன் அம்மாவும் காலையிலயே போயிட்டோம். ஸ்ரீதர் உதவி பண்றேன்னு ஹேர் டிரையரைச் சொருகிக்கிட்டு நின்னார். சூடு காட்டினா க்ளூ இளகிடுமாம். க்ளூ இளகும், ரெக்கார்டும் அப்பளமா வளைஞ்சிடுமே. நான் ஓடிப்போய் ப்ளக்கைப் பிடுங்கினேன். அப்புறம் காயத்துக்குத் தடவற ஸ்பிரிட்டைப் பஞ்சுல நனைச்சு, ஒவ்வொரு கோபிகை காலடியிலயும் விட்டு விட்டு, ஒரு மணி நேரத்துல எட்டுப் பேரையும் இறக்கினோம். ஓரத்துல ஒட்டினதால முதல் பாட்டு போச்சு. மூணாவது பாட்டு மேல யார் காலும் படல.

அடுத்த வருஷத்து ராசலீலைக்குன்னு கடைச் சுவத்துலேர்ந்து ஒரு மஞ்சக் கோட்டை மாலதிக்குக் குடுத்தோம். ஸ்ரீதர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, “அங்கிள், இதுல ஒட்டலாமா, இல்ல இதையும் யாராவது தேடுவாங்களா?”ன்னு கேட்டார்.

மூணாவது பாட்டு

கடைக் கதவைச் சாத்திட்டு ரெக்கார்டைப் போட்டேன். லொரெய்ன் அம்மா ரெக்கார்டைப் பார்க்கல, என் மூஞ்சியைத்தான் பார்த்தாங்க. “பொய் சொல்லாதீங்க. எனக்காகன்னு சொல்லவே சொல்லாதீங்க”ன்னாங்க. பாட்டு ஓடுச்சு. பேஸ் நடந்தது, டிரம்ஸ் ஓடினது, எல்லாம் சட்டுனு நின்னது. குரல் வந்தது. இளம் பொண்ணு குரல், கண்ணாடி மாதிரி. அந்த அம்மா கை ஸ்பீக்கர் மேல இருந்தது. ஆனா முகத்துல ஒண்ணும் தெரியல. அவங்களுக்குப் புரியல, அது யாருன்னு.

உண்மையைச் சொல்றேன், முதல் தடவை எனக்கும் புரியல. குரல் வயசோட மாறிடும். மூணு தடவை ஊசியைப் பின்னால தூக்கி வெச்சேன். கொலுவுல அவங்க பாடாம இருந்திருந்தா, தெரியலம்மான்னுதான் நான் சொல்லியிருக்கணும். மூணாவது தடவை, மூச்சு முடியற இடத்தை மட்டும் கேட்டேன். அதே விக்கல். அதே இடத்துல ஒடியுது. “நீங்கதாம்மா. கடைசியில அந்த விக்கல் இருக்கு”ன்னேன். நாற்காலியில உட்கார்ந்துட்டாங்க. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்க, மாட்டினாங்க, திரும்பக் கழட்டினாங்க. அப்புறம்தான் பேச்சு வந்தது: “அப்ப, அந்த விக்கல் இருக்குன்னுதான் என் குரலைத் தூக்கிட்டு டிரம்பெட்டைப் போட்டிருக்காங்க.”

பின் அட்டை

ஒரு வாரம் கழிச்சுக் காலையில நான் போறப்ப, சுவரு காலியா இருந்தது. மஞ்சக் கோட்டு பூராவும் தரையில அடுக்கு அடுக்கா. நடுவுல லொரெய்ன் அம்மா கறுப்பு மார்க்கரோட உட்கார்ந்திருந்தாங்க. பின் அட்டையில டிரம்ஸ் யாரு, டிரம்பெட் யாருன்னு பேரு அச்சடிச்சிருப்பாங்க இல்லையா, காப்பி வாங்கிட்டு வந்தவன் பேருகூட இருக்கு. அதுக்குக் கீழ ஒவ்வொண்ணுலயும் குண்டு குண்டா எழுதிக்கிட்டிருந்தாங்க: குரல், லொரெய்ன். வெள்ளை லேபிளை மட்டும் வீட்டுக்குக் கொண்டு போயிட்டாங்க.

மத்தியானம் தாடி வெச்ச ஒருத்தர் ஒண்ணை எடுத்துட்டு வந்து, “பின்னாடி யாரோ கிறுக்கியிருக்காங்க, விலை குறைப்பீங்களா?”ன்னார். லொரெய்ன் அம்மா மூடியைத் திறந்த மார்க்கரோடயே நிமிர்ந்து பார்த்தாங்க: “அது கிறுக்கல் இல்ல தம்பி, திருத்தம்.”

உள்ளே ஓடறது என்னவோ இன்னமும் டிரம்பெட்தான், ஆனா மறுநாள் அந்த அம்மா அந்தச் சுவத்து மேல ‘பாடகியே கையெழுத்துப் போட்டது’ன்னு ஒரு அட்டையை மாட்டி, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு டாலர் ஏத்தி வெச்சாங்க.